கழக ஜெர்சியா, ராப் பாட்டா?

வன்னிப் பிள்ளைகள் தங்கள் அடையாளத்தைக் கண்டுகொள்ள எது உதவும், விளையாட்டுக் கழகமா, ராப் பாட்டா? போர் முடிந்த 2009க்குப் பிறகு, இலங்கையின் வடக்கே வன்னியில் மீளக்குடியேறிய ஊர்களில், கரப்பந்தாட்ட வலை கட்டிய இடத்தில்தான் பல பொடியள் மறுபடி 'எங்கட ஊர்' என்று சொல்லத் தொடங்கினார்கள். விளையாட்டுக் கழகம் என்றால் வெறும் ஆட்டமில்லை. சிரமதானம் (ஊரார் கூடிச் செய்யும் பொதுவேலை), கோயில் திருவிழா, மரணவீட்டுப் பந்தல் எல்லாவற்றுக்கும் முதலில் வந்து நிற்பது அந்த ஜெர்சிதான். ஆனால் பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடம் குறைவு. அது எனக்குப் பெரிய மனக்குறை.

ராப் வேறு மாதிரி. 1973இல் நியூயோர்க்கின் பிரொங்ஸில் பிறந்த ஹிப்ஹொப்பின் பாட்டு வடிவம் அது. அதற்கு மைதானமும் வேண்டாம், ஆள்பலமும் வேண்டாம். ஒரு கைபேசி போதும். வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத இழப்பை ஒரு பிள்ளை வன்னிப் பேச்சிலேயே பாடிவிடலாம்.

தம்பி ஒருவன் கேட்டால், பின்னேரம் கழகத்துக்குப் போ, இரவில் பாட்டு எழுது என்பேன். தங்கச்சி கேட்டால், முதலில் பாட்டுத்தான்.