ஒரே ஸ்டாஃபில் இருவர்: பார்ட் பிரிக்கும் வேலையில் மூன்று மென்பொருள்கள்

பழைய ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர்களில் (எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றாக உள்ள இசைப்பிரதிகளில்) இரண்டு ஃப்ளூட், இரண்டு ஓபோ, இரண்டு கிளாரினெட் என இணையாக வரும் கருவிகளை ஒரே ஸ்டாஃபில், அதாவது ஒரே ஐந்துகோட்டு வரியில், எழுதுவதுதான் வழக்கம். குழுவை நடத்துபவருக்கு அது பெரிய வசதி. ஒரு பக்கத்தில் முழுக்குழுவையும் பார்த்துவிடலாம். ஆனால் இரண்டாம் ஓபோ வாசிப்பவருக்கு முன்னால் அவருடைய வரி மட்டுமே இருக்க வேண்டும்; அந்தத் தனிப்பிரதிதான் பார்ட். பதிப்புரிமைக் காலம் முடிந்த ஸ்கோர்களை மென்பொருளில் ஏற்றி, தொழில்முறை அல்லாத குழுக்களுக்குப் பார்ட்டுகள் தயாரித்துத் தருவதற்காக இசைக்குறியீடு எழுதும் மென்பொருள்களான மியூஸ்ஸ்கோர், டோரிகோ, லிலிபாண்ட் மூன்றையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இருவரைத் தனித்தனியாக எழுதிப் பின்னர் சேர்ப்பது எளிது. சேர்த்து எழுதியதைப் பின்னர் பிரிப்பது கடினம் என்பதே இவ்வளவு காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

பீத்தோவனின் ஏழாம் சிம்பனியை எடுத்துக்கொள்வோம். 1813இல் வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட இப்படைப்பில் ஃப்ளூட் முதல் டிரம்பெட் வரை எல்லாக் காற்றிசைக் கருவிகளும் இரண்டிரண்டு. இரண்டாம் பகுதியான அலெக்ரெட்டோ, அவற்றில் சில சேர்ந்து நீட்டிப் பிடிக்கும் ஒரு கார்டோடு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல நோட்டுகளோடு) தொடங்குகிறது. இத்தகைய இடத்தில் மியூஸ்ஸ்கோரின் ‘எக்ஸ்புளோட்’ கட்டளை அருமையாக வேலை செய்கிறது: மேல் நோட்டு ஒரு ஸ்டாஃபுக்கும் கீழ் நோட்டு அடுத்த ஸ்டாஃபுக்கும் போய்விடும். ஆனால் முதல் பகுதியின் தொடக்கத்தில், முழுக்குழுவும் ஒரு கார்டை ஒலித்து நிறுத்த, முதல் ஓபோ மட்டும் தனியே தொடர்கிறது. ஒற்றை நோட்டு வந்தால் அதை எல்லா ஸ்டாஃபிலும் நிரப்புவது அக்கட்டளையின் இயல்பு என்பதால், தனி வாசிப்பு இரண்டாம் ஓபோவின் பார்ட்டிலும் ஏறிவிடும். இருவரும் ஒன்றாக வாசிக்க வேண்டிய ‘ஆ 2’ இடங்களுக்கு அந்த இயல்பு சரியானது, முதல்வர் மட்டும் வாசிக்க வேண்டும் என்று ‘1.’ குறித்த இடங்களில் அதைக் கையால் நீக்கி, ஓய்வுக்குறி போட வேண்டும். ஸ்கோரில் அந்தக் குறிப்பு மனிதருக்காக எழுதப்பட்ட வெறும் எழுத்து. நோட்டு யாருடையது என்பதை மென்பொருள் அதிலிருந்து அறிவதில்லை.

நோட்டின் தண்டு மேல்நோக்கினால் ஒருவருக்கு, கீழ்நோக்கினால் மற்றவருக்கு என இரண்டு வாய்ஸாக (ஒரே ஸ்டாஃபுக்குள் தனித்தனியே நகரும் வரிகளாக) எழுதியிருந்தால் வேறு வழி உண்டு. மியூஸ்ஸ்கோர் 4இல் ஒரு பார்ட்டைத் திறந்து, எந்த வாய்ஸ் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஸ்கோர் முழுவதும் இரண்டு வாய்ஸையும் விடாமல் பேணியிருந்தால் மட்டுமே இது பலிக்கும். இணையாக நகரும் இடத்தில் கார்டாகவும், விலகும் இடத்தில் வாய்ஸாகவும் எழுதுவதே அச்சு மரபு. அதை அப்படியே நகலெடுத்தால், கார்டு வரும் பார்களில் (செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாளப் பகுதிகளில்) முதல்வருக்கு இரண்டு நோட்டும் இரண்டாமவருக்கு வெற்றிடமும் கிடைக்கும்.

உயரத்தை வைத்துப் பிரிப்பதில் இன்னும் ஆழமான சிக்கல் இருக்கிறது. நான்கு ஹார்ன்கள் கொண்ட குழுவில் ஒன்றும் மூன்றும் உயர்ந்த நோட்டுகளையும், இரண்டும் நான்கும் தாழ்ந்தவற்றையும் வாசிப்பது மரபு. நான்கு நோட்டுக் கார்டை மேலிருந்து கீழாக 1, 2, 3, 4 என்று பிரித்தால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பனி (1893) கடைசிப் பகுதியின் தொடக்கத்தில், மெட்டின் நோட்டுகள் முதல் வயலினுக்கும் இரண்டாம் வயலினுக்கும் மாறி மாறித் தரப்பட்டிருக்கின்றன. முழு மெட்டையும் எந்த வரிசையும் வாசிப்பதில்லை. அதை ஒரே ஸ்டாஃபில் அடக்கி, உயரத்தின்படி மீண்டும் பிரித்தால் முதல் வயலினுக்கு முழு மெட்டும் போய், இசையமைப்பாளர் எண்ணி எண்ணி எழுதிய பின்னல் அழிந்துபோகும்.

ஆகவேதான் டோரிகோவின் அணுகுமுறையை நான் மிகவும் மதிக்கிறேன். 2019இல் வந்த டோரிகோ 3, ‘கண்டென்ஸிங்’ வசதியைக் கொண்டுவந்தது. இதில் ஒவ்வொரு வாசிப்பாளரையும் தனி ஸ்டாஃபில் எழுதுகிறோம். ஸ்கோரில் அவர்களை ஒன்றாக்கி, தேவையான குறிப்புகளை மென்பொருளே இடுகிறது. பார்ட்டுகள் தொடக்கத்திலிருந்தே தனியாக இருக்கின்றன. இலவச மென்பொருளான லிலிபாண்ட் இதே கொள்கையை ‘பார்ட்கம்பைன்’ கட்டளையால் நிறைவேற்றுகிறது. எழுத்து வடிவில் உள்ளிடும் அதன் முறை பழகக் காலம் பிடிக்கும் என்றாலும், பணம் செலவழிக்க இயலாதவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஏற்கெனவே சேர்த்து எழுதிய கோப்பு கையில் இருந்தால், எந்த மென்பொருளானாலும், பிரித்தபின் மூன்றைச் சரிபார்க்கிறேன். ஸ்டாஃபுக்கு ஒருமுறை மட்டும் போட்ட ஒலியளவுக் குறிகள் இருவருக்கும் சென்றிருக்கின்றனவா, ஸ்லர்கள் (நோட்டுகளை இழைத்து வாசிக்கச் சொல்லும் வளைகோடுகள்) இரண்டாமவரின் வரியிலும் தொடங்கிய இடத்தில் தொடங்கி முடிய வேண்டிய இடத்தில் முடிகின்றனவா, நீண்ட ஓய்வுக்குப் பின் நுழைபவருக்கு வழிகாட்டும் சிறு நோட்டுகள் உள்ளனவா என்பவையே அவை. பிறகு இரண்டு வரிகளையும் மியூஸ்ஸ்கோரின் ‘இம்புளோட்’ கட்டளையால் ஒரு தற்காலிக ஸ்டாஃபில் மீண்டும் சேர்த்து, மூல ஸ்கோரோடு பார் பாராக ஒப்பிடுவேன். விடுபட்ட நோட்டுகள் அப்போது வெளிப்பட்டுவிடும்; ‘1.’ இடங்களில் தவறாக இரட்டித்தவற்றைக் கண்டுபிடிக்க மட்டும், இரண்டாமவரின் பார்ட்டைத் தனியாக ஒலிக்கவிட்டுக் கேட்பதே நம்பகமான வழி.