ஹிமாலயன் 450: சீட்டை ஏற்றினால் முன்கண்ணாடியையும் பாருங்கள்

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பைக்கை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது கால் எட்டுமா என்பதைத்தான். பெரும்பாலானவர்களுக்கு எட்டும். சீட்டை 825 மில்லிமீட்டரிலும் வைக்கலாம், 845-லும் வைக்கலாம், இன்னும் இறக்க வேண்டுமென்றால் 805 சீட்டைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பழைய ஹிமாலயன் 411-இன் 800-க்குப் பழகியவர்களுக்கு ஏறினதும் கொஞ்சம் திக்கென்று இருக்கும், ஆனால் சீட்டின் முன்பக்கம் ஒடுக்கமாக இருப்பதால் டேங்க்கை ஒட்டி உட்கார்ந்தால் கால் நேராக இறங்கிவிடும். என் உயரம் 5 அடி 7 அங்குலம். 825-இல் பாதம் முக்கால்வாசி பதிகிறது, 845-இல் முன்பாதம் மட்டும்தான்.

ஊருக்குள் 825 போதும். வண்டி 196 கிலோ, சிக்னலில் ரோடு ஒரு பக்கம் சரிந்திருந்தால் அந்த 2 சென்டிமீட்டரின் அருமை தெரியும். நெடுந்தூரத்துக்கு எனக்கு 845-தான் பிடித்திருக்கிறது, முழங்கால் அவ்வளவு மடங்குவதில்லை.

சரி, பலரும் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். சீட் ஏறினால் தலையும் ஏறும். எந்த வண்டியானாலும் முன்கண்ணாடியின், அதாவது விண்ட்ஷீல்டின், மேல் விளிம்பைத் தாண்டி வருகிற காற்று சுழன்றுகொண்டே வரும், அது நெஞ்சில் பட்டால் பெரிதாகத் தெரியாது, ஹெல்மெட்டில் பட்டால் தலையை உலுக்கி எடுத்துவிடும், இறங்கும்போது கழுத்து வலியும் காது இரைச்சலும்தான் மிச்சம். ரோடு காலியாக இருக்கும்போது 80 வேகத்தில் லேசாகக் குனிந்து பாருங்கள். சத்தம் அடங்கினால் கண்ணாடி உயரம் போதவில்லை. கால் வைக்கிற ஃபுட்பெக்கில் கொஞ்சம் எழும்பினதும் அடங்கினால் கண்ணாடியை இறக்க வேண்டும், இல்லையென்றால் சாய்வை மாற்ற வேண்டும்.

நான் மாட்டியிருப்பது கண்ணாடியின் மேல் விளிம்பில் கிளாம்ப் போட்டுப் பிடிக்கிற எக்ஸ்டெண்டர், கண்ணாடியின் உயரத்தைக் கூட்டுகிற ஒரு சின்னக் கூடுதல் கண்ணாடி. உயரம், சாய்வு இரண்டையும் கையாலேயே மாற்றலாம், 845-க்கு அது நன்றாகவே கைகொடுக்கிறது. பழைய கண்ணாடியோடு ஒட்டி மாட்டாதீர்கள், நடுவில் ஒரு விரல் சந்து விடுங்கள். அந்த வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வந்தால்தான் கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவது சரியாகி, சுழலும் அடங்கும். குறை என்றால் கிளாம்ப்போடு வந்த ரப்பர்தான். மெல்லிசு, மேடு பள்ளத்தில் வழுக்கிக் கீழே சரிந்தது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி உள்ளே வைத்து முறுக்கியதும் அசையவில்லை.

ஆசைப்பட்டு ரொம்பவும் ஏற்றிவிடக் கூடாது. மேல் விளிம்பு மூக்கு மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி மழையில் எதிரே லாரி லைட் அடிக்கும்போது ஒவ்வொரு துளியும் பளீரென்று சிதறும், ரோடே தெரியாது. பின்னால் ஆளும் மூட்டையும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, கண்ணாடியின் சாய்வும் மாறிவிடும், அன்றைக்குத் திரும்ப ஒருமுறை சரிபாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போவதானால் எக்ஸ்டெண்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள், அங்கே அடிக்கிற பக்கக்காற்றை அது பாய்மரம் மாதிரி வாங்கும்.

துடைக்க சோப்புத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் செய்த கண்ணாடிக்கு ஆகாது, நாளடைவில் மங்கி மயிரிழை விரிசல் விடும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு எக்ஸ்டெண்டரே தேவையில்லை, சீட்டை 825-இல் வைத்துவிட்டு அந்தக் காசுக்கு நல்ல ஹெல்மெட் வாங்குங்கள்.