எந்த எண் மேல், 2147483647-ஆ, 4294967297-ஆ?

பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, மற்றது 32-ஆம் அடுக்கைவிட ஒன்று கூட. ஆனால் குணம் சுத்தமாக வேறு.

2147483647 பகா எண், மெர்சென் வகை, அதாவது 2-இன் ஓர் அடுக்கில் ஒன்று குறைத்தால் வருவது. 1772-இல் கணிதர் ஆய்லர் இதை நிறுவினார். இதன் வர்க்கமூலமான 46340 சொச்சம் வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை, ஏனென்றால் இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும், அதிலேயே முக்கால்வாசிக்கு மேல் கழிந்துவிடும். இதை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கும், அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதுவே திரும்ப வரும். கணினியில் குறியுள்ள (கூட்டல், கழித்தல் இரண்டும் வரக்கூடிய) 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பும் 2147483647-தான்.

சரி, 4294967297? இது பகா எண்ணாக இருக்கும் என்று கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417. இங்கே காரணியை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், அதனால் 193, 257, 449, 577 என்று நாலைத் தாண்டியதும் 641 மாட்டிக்கொள்ளும். அவ்வளவு பெரிய ஊகம் இவ்வளவு சின்ன எண்ணிடம் விழுந்தது எனக்கு இன்னும் வேடிக்கைதான்.

641 இதன் காரணி என்பதை வகுக்காமலும் காட்டலாம். 641 என்பது 5×128+1, அதுவே 625+16-உம் கூட. இனி மீதி எல்லாம் 641-ஆல் வகுத்தால் வருவது, ஒன்று குறைந்தால் −1 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதன்படி 5×128-க்கு மீதி −1, நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு) மீதி 1. இரண்டாவதன்படி 625-க்குப் பதில் −16 போட்டால் 2-இன் 32-ஆம் அடுக்கு மீதி −1, அதோடு ஒன்று கூட்டினால் மீதி 0, முடிந்தது.

பயனுக்கு முதல் எண், அழகுக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே.