புறாமலைப் படகுப் பயணம்: காசுக்குப் பெறுமதியா?

திருகோணமலையின் நிலாவெளிக் கரையில் நின்று பார்த்தால் புறாமலைத் தீவுக்கு நீந்தியே போய்விடலாம் போலிருக்கும். ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான் தூரம். ஆனாலும் படகை விட்டால் வேறு வழியில்லாத தேசியப் பூங்கா இது. தீவில் குடிநீர் இல்லை, கடை இல்லை. மறந்த பொருள் மறந்ததுதான்.

தண்ணீருக்குள் மிதந்து மீனும் முருகைக்கல்லும் (பவளப்பாறை) பார்க்கும் இந்தப் பயணம் பெறுமதியானதே. காலம் தப்பிப் போனால் மட்டும் காசு கடலோடு போகும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் இந்தப் பக்கம் அலை அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கினால் கடல் கலங்கிவிடும். அப்போது படகு கிடைத்தாலும் பார்க்க ஒன்றுமில்லை. நல்ல காலத்திலும் காலையில் முதல் படகுகளோடு போய்விடுங்கள். பகல் ஏறக் கடற்காற்று எழும்பும், ஆட்களும் நிறைவார்கள், கிளம்பிய மணலில் மீன் தெரியாது. ஞாயிறும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் வேண்டவே வேண்டாம்.

செலவுக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு, அதன்மேல் சேவைக் கட்டணமும் வரியும் வேறு, படகுக் கூலி வேறு, தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் மாட்டும் கண்ணாடிக்கு வாடகை வேறு. படகுக்கு மொத்தமாகப் பேசுவதால் இரண்டு பேராகப் போனால் தலைக்கு விழும் தொகை கூடும்; கரையில் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்வது புத்தி. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் சீட்டு விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் உறவினருக்குத் தமிழ் பேசினாலும் வெளிநாட்டு விலைதான்! உள்ளூர்க்காரர் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். படகு ஏறுமுன் திரும்பும் நேரத்தையும் பேசி முடியுங்கள்.

வாடகைக் கண்ணாடிகள்தான் இந்தச் சேவையின் பலவீனம். ரப்பர் விறைத்துப்போனது ஒழுகும். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டிநின்றால் சரி. மீசைக்காரருக்கு எப்படியும் கொஞ்சம் ஒழுகும். கண்ணாடியின் உள்ளே எச்சில் தடவிக் கழுவினால் ஆவி படியாது. உயிர்காப்பு அங்கியின் கொளுக்கிகள் பூட்டுப்படுகின்றனவா என்று கரையிலேயே பாருங்கள். பிள்ளைகளுக்குப் பெரிய அளவைப் போட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேலே போய்விடும்.

கரை முழுக்கச் செத்த முருகைக்கல் துண்டுகள். வெறுங்காலோடு நடந்தால் கிழிக்கும், ரப்பர் செருப்பு போதும். தண்ணீருக்குள் முருகைக்கல்லில் ஏறி நிற்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பாவம். தண்ணீர் ஆழமில்லாததால் களைத்தவர் சட்டென்று காலை ஊன்றிவிடுகிறார். உயிருள்ள கிளை முறிந்தால் மீள வருடங்கள் ஆகும். களைத்தால் மல்லாந்து மிதவுங்கள், அங்கி தாங்கும். வெயிலுக்குப் பூசும் கிறீம்களிலுள்ள ஒக்சிபென்சோன் முருகைக்கல்லுக்குக் கெடுதல். நீளக்கை சட்டையோடு இறங்குவதே மேல், முதுகும் பொரியாது.

சுறா பார்க்கத்தான் பாதிப்பேர் வருகிறார்கள். இவை துடுப்பு நுனி கறுத்த பாறைச் சுறாக்கள். கூச்ச சுபாவம், துரத்தினால் ஓடிவிடும். எந்தப் பக்கம் அன்றைக்குத் தெரிகிறது என்று படகோட்டியிடம் கேட்டு, அங்கே காலடிக்காமல் ஒரே இடத்தில் மிதந்தால் தாமாகவே சுற்றி வரும்.