லீவர் மக்கர் செய்தால் எதை மாற்றுவது: கிரீஸா, கேபிளா, கன்ட்ரோல் பாக்ஸா?

சின்ன மோட்டார் படகில் லீவர் இறுகிப்போனாலோ கியர் சரியாக விழாமல் கடகடத்தாலோ, பலருக்கும் கை முதலில் போவது ஸ்பிரே டப்பாவுக்குத்தான். அது பலிக்கவில்லை என்றால் நேராகப் புது கன்ட்ரோல் பாக்ஸ், அதாவது லீவர் பொருத்தியிருக்கும் பெட்டி. பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஓடுகிற கேபிளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் கெட்டிருப்பதோ அதுதான்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் கழற்றிப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, கில் ஸ்விட்ச் (எஞ்சினை உடனே அணைக்கும் அவசர ஸ்விட்ச்) கயிற்றையும் உருவிவிட்டு, எஞ்சின் பக்கத்தில் இரண்டு கேபிள் முனைகளையும் கழற்றுங்கள்: ஒன்று கியருக்கு, மற்றது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு. இப்போது லீவரைத் தள்ளினால் லேசாகப் போகிறதா? அப்படியானால் கேபிளும் பாக்ஸும் தப்பித்தன, கோளாறு எஞ்சினில் உள்ள இணைப்பில். இன்னும் இறுக்கமாகவே இருந்தால் பாக்ஸைத் திறந்து அந்த முனையையும் கழற்றி, கேபிளை மட்டும் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று உரசிக்கொண்டு வந்தால் கேபிள் போய்விட்டது. வழுக்கிக்கொண்டு போனால் பாக்ஸ்தான் குற்றவாளி. எஞ்சின் பக்க கியரைக் கையால் மாற்றிப் பார்க்கும்போது மட்டும், இன்னொருவரை புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் கிளட்ச் பற்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்காவிட்டால் நல்ல கியர்கூட விழாது. அதை இறுக்கம் என்று நினைத்து ஓங்கி இழுத்தால் நல்லதும் உடையும்.

சரி, கிரீஸ் வழி. லீவரின் அச்சு, கேபிள் முனையில் வெளியே தெரியும் கம்பி, இணைப்புப் பின்கள், இங்கெல்லாம் மரைன் கிரீஸ் போடுவது நல்ல பழக்கம், செலவும் இல்லை. ஆனால் கேபிளுக்குள் ஸ்பிரே அடிப்பது வேறு கதை. இந்த வகைக் கேபிளில் உறைக்குள் பிளாஸ்டிக் லைனர் இருக்கிறது, தேவையான மசகைத் தயாரிக்கும்போதே உள்ளே வைத்து அனுப்புகிறார்கள். தண்ணீர் புகுந்து துரு பிடித்தபின் நீங்கள் மேலே அடிக்கும் எண்ணெய் நடுப்பகுதிவரை போவதே இல்லை. கொஞ்ச நாள் லேசாக இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். இங்கே ஒரு விதிவிலக்கு: ஓடும்போது லீவர் தானாகவே பின்னுக்கு நழுவுகிறது என்றால் எதுவும் கெடவில்லை, த்ராட்டிலின் உராய்வு ஸ்குரூவைக் கொஞ்சம் முறுக்கினால் போதும். யாராவது அதை அளவுக்கு மீறி முறுக்கி வைத்திருந்தால் லீவர் இறுகும், அதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அட்ஜஸ்ட்மென்ட் செய்வதைப் பலர் கிரீஸைப் போலவே ஆபத்தில்லாத வேலை என்று நினைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எஞ்சினையோ பாக்ஸையோ மாற்றியபின் செய்தால் அது நியாயமான வேலை: நியூட்ரலில் வைத்து கியர் கேபிளை முதலில் சரிசெய்து, அதன்பிறகு த்ராட்டில் கேபிளை ஐடிலுக்கு (எஞ்சினின் மிகக் குறைந்த வேகத்துக்கு) வைக்க வேண்டும், வரிசை மாறக்கூடாது. தேய்ந்து தொய்ந்த கேபிளின் குறையை மறைப்பதற்காக முனையைத் திருகிக்கொண்டே போவதுதான் வம்பு. முன் கியர் நன்றாக விழும்படி வைத்தால் ரிவர்ஸ் பாதிதான் விழும், பாதி விழுந்த கியரில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று குதித்து விளிம்பு மழுங்கிவிடும். அப்போது கேபிளோடு முடிய வேண்டிய செலவு கியர்கேஸுக்கு, அதாவது கியர்கள் இருக்கும் கூட்டுக்குப் போய் நிற்கும். கியரைப் பயந்து பயந்து மெதுவாகத் தள்ளுவதும் இதே சேதத்தைத்தான் செய்யும். ஐடில் வேகத்தில், தயங்காமல், ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும்.

ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் படகுக்குள்ளும், புரொப்பல்லரைச் சுற்றும் டிரைவ் பின்பக்கம் வெளியேயும் இருக்கும் வகை) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. மெர்க்குரூசர் ஆல்ஃபா போன்றவற்றில் கியரிலிருந்து நியூட்ரலுக்கு வரும்போது கிளட்ச் எளிதில் விடுபட ஒரு ஸ்விட்ச் இக்னிஷனை நொடிப்பொழுது துண்டிக்கும். டிரைவுக்குப் போகும் கீழ் கியர் கேபிள் இறுகிவிட்டால் அந்த ஸ்விட்ச் தேவைக்கு மேல் அழுந்தி எஞ்சினையே அணைத்துவிடும். ஆள் பாவம், கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆக, பெரும்பாலான படகுகளுக்கு என் ஓட்டு கேபிளுக்கே, அதுவும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதற்கு. இரண்டும் ஒரே வயது, ஒரே பாதையில் ஒரே தண்ணீரைக் குடித்தவை, கழற்றும் வேலையும் ஒன்றுதான். உறை உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ, முனைக் கம்பியில் பழுப்புத் துரு கசிந்தாலோ யோசிக்கவே வேண்டாம். கியர் கேபிள் அறுந்தால் கரையை நெருங்கும் நேரத்தில் படகு முன் கியரிலேயே மாட்டிக்கொள்ளலாம், அப்போது உங்களிடம் மிச்சம் இருப்பது எஞ்சினை அணைப்பது மட்டும்தான். நீளத்தைப் பழைய கேபிளின் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். அழிந்திருந்தால் கழற்றி அளந்துகொள்ளுங்கள், உத்தேசமாக வாங்காதீர்கள். முனை வகையும் பொருந்த வேண்டும்: 33சி என்கிற பொதுவகை பல பாக்ஸ்களுக்குப் பொருந்தும், சில எஞ்சின் கம்பெனிகளுக்குத் தனி முனை. கூர்மையான வளைவுகளில் நுழைத்துக் கொண்டுபோனால் புதுக் கேபிளும் இறுகும், 33சி வகைக்கு 8 அங்குல ஆரத்துக்குக் குறையாமல் வளைவு இருக்கட்டும்.

பாக்ஸை மாற்றுவது எப்போது சரி? நியூட்ரலில் லீவர் டக்கென்று நிற்காமல் நழுவினால், உள்ளே பற்கள் தேய்ந்திருந்தால், கூடு வெடித்திருந்தால். கியரில் இருக்கும்போதே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது என்றால் உடனே கவனிக்க வேண்டியதுதான், ஆனால் பல மாடல்களில் அதைத் தடுக்க வேண்டிய நியூட்ரல் ஸ்விட்ச் மட்டும் தனியாகக் கிடைக்கும். பழைய பாக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதில் ஒரு பொறி: சில எஞ்சின்களில் கேபிள் தள்ளினால் த்ராட்டில் திறக்கும், சிலவற்றில் இழுத்தால் திறக்கும். பாக்ஸ் எதிர்த்திசை வகையாக இருந்து, மாற்றிப் பொருத்தும் வசதியும் இல்லை என்றால் அது உங்களுக்கு உதவாது.

கேபிளுக்குப் பதில் மின்வயர் வழியாக வேலை செய்யும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலை இந்தப் போட்டியில் சேர்க்கலாமா என்றால், லீவர் வெண்ணெய் மாதிரி நகரும், உண்மைதான். ஆனால் எஞ்சினே அதற்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கியரையும் த்ராட்டிலையும் நகர்த்தும் மோட்டார் பெட்டியைத் தனியாகப் பொருத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கேபிள் எஞ்சினுக்காக அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எதை மாற்றினாலும் படகை இறுக்கக் கட்டிவைத்துத் தண்ணீரிலேயே சோதியுங்கள். முன், நியூட்ரல், ரிவர்ஸ் எல்லாம் விழுந்தபின், நியூட்ரலில் ஐடில் ஓடும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். அவுட்போர்டில் (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சினில்) அப்போது ஆர்பிஎம் மாறினால் கேபிளுக்குத் தொய்வு போதவில்லை, எங்கோ இழுபடுகிறது. கிளிப்பைத் தளர்த்திப் பாதையை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.