பதினொரு வருஷம், ஆறு சீ.ஆர். கொப்பி

2014 மார்கழியில் மட்டக்களப்பு டவுனில் 160 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன், வாசிப்பதைக் குறித்து வைக்க. பொது நூலகத்துப் புத்தகம் திரும்பிப் போய்விடும், கொப்பி வீட்டில் நிற்கும் என்ற கணக்குத்தான். இப்போது ஆறாவது கொப்பி முடியப் போகிறது.

முதலாவதைத் திறந்தால் எனக்கே கூச்சம். பக்கம் பக்கமாக மற்றவர்களின் அழகான வசனங்கள், சிவப்பில் அடிக்கோடு. என்னுடைய சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: 'அருமை'. எண்ணினேன், 43 தடவை. அந்த நாளில் வாவியில் வலை வீசும் ஒருவரைப் பற்றிக் கதை எழுதி, சிறு சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால், "இந்த ஆள் வீட்டிலயும் இப்படித்தான் கதைப்பாரா?" இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் கதையைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். வலைக்காரர் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கொப்பியில் முறையை மாற்றினேன். வலப்பக்கத்தில் புத்தகத்தை எங்கே மூடி வைத்தேன், ஏன் மூடினேன் என்பது மட்டும். இடப்பக்கம் காதில் விழுந்த பேச்சுக்கு. பிடித்த வரியை எடுத்தெழுதத் தடை.

மூடிய இடங்களைக் குறிப்பதில்தான் பலன் கூட. முதல் கொப்பியில், யாழ் என்ற பழைய வாத்தியத்தைப் பற்றி விபுலாநந்த அடிகள் எழுதிய 'யாழ் நூல்' என்ற புத்தகத்துக்கு எதிரே 'விளங்கவில்லை' என்று எழுதி விட்டிருக்கிறேன். காரைதீவில் பிறந்த அடிகள் விஞ்ஞானமும் படித்தவர். 1947இல் வந்த அந்த நூலில் இசையைத் தேடிப் போன எனக்கு முன்னால் கணக்காகப் போட்டு வைத்திருந்தார். மூடிவிட்டேன். 2019இல் மூன்றாம் தடவை எடுத்தபோது அரைப் பக்கம் எழுத வந்தது. வழக்கொழிந்துபோன ஒரு வாத்தியத்தைச் சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் தேடுகிறார். அந்தத் தேடலின் தடம்தான் கணக்கு. கணக்கையும் கதைபோல வாசிக்கலாம் என்று அன்றைக்குத்தான் பட்டது. பாட்டு இன்னமும் முழுசாக விளங்கவில்லை, அது வேறு.

குறைகளும் உண்டு. ஜெல் பேனையை நம்பாதீர்கள். கார்த்திகை மழையில் கல்லடிப் பாலத்தில் சைக்கிளோடு நனைந்தேன். நான்காவது கொப்பியில் பதினேழு பக்கம் நீல வண்டல். 'ஏன் மூடினேன்' என்ற தலைப்பு மட்டும் தப்பியது, காரணம் கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு சாதாரணக் குமிழ்முனைப் பேனைதான். தேடுவதும் கஷ்டம். கடைசி இரண்டு ஒற்றையை அட்டவணைக்கு விட்டால் சமாளிக்கலாம்.

2022இல் கடதாசித் தட்டுப்பாட்டு நேரம் கொப்பி விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். எட்டு மாதம் போனில் குறித்தேன். கரண்ட் போன வீட்டில் சார்ஜ் இல்லாத போன்! அப்புறம் அது கிணற்றடியில் விழுந்தது, குறிப்பும் போனது. பெரிய நட்டமில்லை. போனில் வெட்டித் திருத்திய தடமே நிற்பதில்லை. எங்கே தயங்கினேன் என்று பார்க்க முடியாத குறிப்பு எனக்கு உதவாது. மற்றப்படி, அச்சில் கிடைக்காத நம் ஊர்ப் புத்தகங்களை 'நூலகம்' இணையத்தளத்தில் வாசிக்க இன்றும் போன்தான்.

இடப்பக்கம் கனகாலம் வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கரண்ட் இல்லாத நாளொன்றில் மாமி சொன்னதைத்தான் முதலில் ஒழுங்காக எழுதினேன், கையில் அகப்பட்ட துண்டு ஒன்றில்: "அரிசிய ஊறப் போட்டன் மகன். மறுகா கரண்ட் போயிட்டு. மறுகா என்ன, உரலத் தேடினன்." முந்தைய நான் என்றால் 'மறுகா'வை 'பின்னர்' ஆக்கியிருப்பேன், உரலுக்குப் பக்கத்தில் ஒரு நிலாவும் வைத்திருப்பேன். இந்தத் தடவை அப்படியே விட்டு, அதைச் சுற்றி ஒரு கதை எழுதினேன். அதே சஞ்சிகையில் வந்தது. துண்டு இப்போது ஐந்தாவது கொப்பியின் இடப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

இதிலே ஒரு பக்கவிளைவு. அச்சில் வந்ததை வாசித்துக் காட்டிய நாளிலிருந்து, நான் பேனையை எடுத்தால் மாமி கதையை நிறுத்திவிடுகிறார். குசினிக்குள் போய்க் கேட்டுவிட்டு, வெளியே வந்துதான் எழுத வேண்டியிருக்கிறது.