அந்த வீடியோவில் தூக்கும் கை என்னுடையது. தூக்கிய எடை மட்டும் 20 கிலோ அல்ல

கைப்பலப் பயிற்சிக்கான பிஞ்ச் கிரிப் சாமான் செய்து விற்கும் ஒருவருடைய இணையப் பக்கத்தில் பதினொரு விநாடி வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளை எழுத்தில் 20 என்று போட்ட கருப்பு இரும்புத் துண்டு ஒன்றை ஒரு கை தரையிலிருந்து முழங்கால் வரை தூக்கி, நிறுத்தி, இறக்குகிறது. முகம் தெரியாது. அந்தக் கை என்னுடையது. அதைப் பார்த்து யாராவது ஆர்டர் போட்டிருந்தால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். விற்றவரின் பெயரைப் போடவில்லை. பெயரை அவர் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம், சாமானை மாற்றத்தான் செலவாகும். அதனால் சாமானைப் பற்றி எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நான்கு விரல்கள் எதிர்ப்பக்கம் என்று வைத்து, உள்ளங்கை படாமல் ஒரு பொருளை நெருக்கித் தூக்குவதுதான் பிஞ்ச் கிரிப். ஸ்ப்ரிங் கிரிப்பரை எத்தனை தரம் அமுக்கினாலும் இது வராது, அதில் கட்டைவிரலுக்குப் பெரிய வேலை கிடையாது. இரண்டு பிளேட்டுகளை (பளுதூக்கும் கம்பியில் மாட்டும் இரும்பு வட்டுகளை) வழவழப்பான பக்கம் வெளியே தெரியும்படி சேர்த்துப் பிடித்துத் தூக்குவதுதான் எல்லோரும் தொடங்கும் இடம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு வருடத்தில் இரண்டு 10 கிலோ பிளேட்டுகள் வரை வந்துவிட்டேன். அப்புறம் இன்னும் அகலமானது வேண்டும் என்ற ஆசை வந்தது. அகலம் கூடக் கூடக் கை விரிந்து கட்டைவிரலின் பலம் குறையும், அதே எடை வேறு எடையாகிவிடும்.

அந்த ஆசைக்கு உச்சியில் இருப்பது ‘பிளாப்’. எடைக்கருவி செய்யும் பழைய யார்க் நிறுவனத்தின் 100 பவுண்டு வார்ப்பிரும்பு டம்பெல்லின் ஒரு தலையை அறுத்து எடுத்த துண்டு அது, ஏறக்குறைய 50 பவுண்டு. பிடிக்க விளிம்பு இல்லை, கைப்பிடி இல்லை, பக்கங்களோ சரிவு. அமெரிக்கக் கைப்பல வீரர் ரிச்சர்ட் சோரின் அதைத் தூக்கிப் பேர் வாங்கிய பிறகு, கைப்பலம் பழகுகிறவர்களுக்கு அரை டம்பெல் என்றாலே ஒரு மயக்கம். அந்த மயக்கத்தைத் தெரிந்து வைத்திருப்பவர்தான் எனக்கு விற்றவர்.

நான் வாங்கியவை இரண்டு. ஒன்று, 75 மில்லிமீட்டர் அகல மரக்கட்டை, கீழே கொக்கி, அதில் பிளேட் மாட்டும் கம்பி தொங்கும். ‘ஒரே கட்டையில் கடைந்த கெட்டி மரம், 100 கிலோ தாங்கும்’ என்று போட்டிருந்தார். இன்னொன்று அரை டம்பெல், ‘முழு வார்ப்பிரும்பு, 20 கிலோ’. இரண்டும் வந்தபோது பார்க்க லட்சணமாகவே இருந்தன. கட்டையில் கண்ணாடி மாதிரி வார்னிஷ், இரும்பில் கொஞ்சம் சொரசொரப்பான கருப்புப் பெயிண்ட். மரத்தை வழுக்க விட்டுவிட்டு இரும்பை ஏன் சொரசொரப்பாக்கினார் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இந்தப் பெயிண்ட் விஷயம் சின்னதல்ல. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பொருளை எவ்வளவு நெருக்கினால் தூக்கலாம் என்பது எடையையும் உராய்வையும் பொறுத்தது. 20 கிலோ பொருளில் உராய்வுக் கெழு 0.5 என்றால் ஒவ்வொரு பக்கமும் 20 கிலோ அளவுக்கு நெருக்க வேண்டும். அதுவே 0.25 என்றால் 40 கிலோ அளவுக்கு. பொருள் அதேதான், எடையும் அதேதான், கைக்கு வேலை இரட்டிப்பு. ஆகவே பெயிண்டில் கொஞ்சம் மணல் கலந்தாலே போதும், வாங்கியவனுக்குத் திடீரென்று தன் பலம் கூடிவிட்ட மாதிரி இருக்கும்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான்கு மாதத்தில் அரை டம்பெல்லை முழங்கால் வரை தூக்கினேன். சந்தோஷத்தில் வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பினேன். “வேற லெவல் ப்ரோ, நம்ம பேஜ்ல போட்டுக்கவா?” என்றார். தாராளமாக என்றேன்.

நடுவில் ஒரு தடவை உண்மை வாசல்வரை வந்து நின்றது. என்னைவிட வெகு காலமாகப் பழகும் நண்பர் ஒருவரிடம் அசல் வார்ப்பிரும்பில் 20 கிலோ அரை டம்பெல் உண்டு. அவர் வீட்டில் அதைப் பிடித்தேன். தரையோடு ஆணி அடித்த மாதிரி இருந்தது. கை வேர்த்திருக்கிறது, இன்றைக்குக் காற்றில் ஈரம் அதிகம், சாக் தூள் சரியில்லை என்று வரிசையாகக் காரணம் சொன்னேன். நண்பர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததற்கு இப்போது அர்த்தம் புரிகிறது.

விஷயம் வெளிவந்தது மரக்கட்டையால். அன்று கம்பியில் 27 கிலோ போட்டிருந்தேன். அவர் சொன்ன 100 கிலோவில் கால்வாசிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மூன்றாவது தரம் தூக்கி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தியிருந்தபோது கொக்கி மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. எடை சட்டென்று போனதால் கட்டையோடு கை மேலே பாய்ந்தது, பிளேட்டுகள் கீழே பாய்ந்தன. நல்லவேளை, தரையில் ரப்பர் பாய் இருந்தது, காலும் கொஞ்சம் தள்ளி இருந்தது. அப்படியும் ஒரு பிளேட்டின் விளிம்பு சுண்டுவிரலில் உரசியதில் நகம் போனது. இரண்டு அங்குலம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

கொக்கி இருந்த ஓட்டையிலிருந்து மரத்தூள் கொட்டியது. செதிலாக, ஈரமில்லாத சாதம் மாதிரி உதிர்ந்தது. கெட்டி மரம் அப்படி உதிராது. கட்டையை அறுத்துப் பார்த்தேன். உள்ளே முழுக்கப் பார்ட்டிகிள் போர்டு, மரச்செதிலைப் பசை போட்டு அமுக்கிச் செய்யும் மலிவான பலகை. அதற்கு மேல் காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமனான மரத்தோல், அதற்கு மேல் வார்னிஷ். கொக்கி என்பது சுவரில் படம் மாட்டப் போடும் வகைத் திருகு. அதுவும் பலகையின் விளிம்பில், அடுக்குகள் பிரியக்கூடிய இடத்தில் திருகி, கொஞ்சம் பசையை விட்டிருக்கிறார். கொக்கியின் வளையம்கூட முழுதாக மூடியதில்லை, வெறுமனே ஒரு கம்பியை வளைத்து விட்டிருக்கிறார். கூடக் கொடுத்த காராபைனர் (திறந்து மூடும் இணைப்பு வளையம்) சாவிக்கொத்து மாட்டும் ரகம். எடை தாங்கும் காராபைனரில் எத்தனை கிலோநியூட்டன் என்று பொறித்திருக்கும் (ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ தொங்குவதற்குச் சமம்). இதில் ஒரு எழுத்தும் இல்லை.

கட்டையில் இப்படி என்றால் இரும்பில் எப்படியோ என்று சந்தேகம் வந்தது. பார்சல் எடை போடும் தராசில் அரை டம்பெல்லை வைத்தேன். 16.3. தராசு தப்பு என்று இன்னொன்றில் வைத்தேன். 16.3.

அன்று அடிபட்ட காலைவிட மனசுதான் அதிகம் வலித்தது. இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. 

இதில் புதிர், அளவு குறையவில்லை என்பதுதான். நண்பரின் துண்டும் இதுவும் பக்கத்தில் வைத்தால் ஒரே உயரம், ஒரே அகலம். காந்தமும் ஒட்டியது. கடைசியில் பழைய பள்ளிக்கூடக் கணக்குதான் உதவியது. வாளியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, துண்டை மெதுவாக இறக்கி, வழிந்ததைப் பிடித்து அளந்தேன். கிட்டத்தட்ட 2.8 லிட்டர். வார்ப்பிரும்பு ஒரு லிட்டருக்கு 7.2 கிலோ அளவில் இருக்கும், 2.8 லிட்டர் என்றால் 20 கிலோ வந்திருக்க வேண்டும். வந்தது 16.3 என்றால் உள்ளே இரும்பல்லாத ஏதோ இருக்கிறது. அடிப்பக்கத்தில் பெயிண்டை ஆணியால் சுரண்டினேன். ஒரு வட்டம் தெரிந்தது, சாம்பல் நிறத்தில் பொடி வந்தது. சிமெண்ட். உள்ளே குழிவாக வார்த்து, குழியைச் சிமெண்டால் அடைத்து, மேலே பெயிண்ட் பூசியிருக்கிறார்.

போட்டோக்களோடு அவருக்கு எழுதினேன். மரக்கட்டைக்கு வந்த பதில்: “நீங்க ஆட்டி ஆட்டித் தூக்கியிருப்பீங்க ப்ரோ.” எடைக்கு வந்த பதில்: “ஹேண்ட்மேட் ஐட்டம் ப்ரோ, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்.” சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி போட்டிப் பிளேட்டுகள் எழுதிய எடையிலிருந்து 0.25 சதவீதம் அல்லது 10 கிராமுக்குள்தான் விலகலாம். 20 கிலோவுக்கு அது 50 கிராம். வீட்டுப் பயிற்சிக்கு அந்தத் துல்லியம் வேண்டாம்தான், அரை கிலோ வித்தியாசம் என்றால் நானே வாயை மூடிக்கொண்டிருப்பேன். 3.7 கிலோ எந்தக் கையின் முன்னே பின்னே? இரும்பைச் சிமெண்டாக்கும் கையா? இதை அப்படியே அவரிடம் கேட்டேன். இரண்டையும் என் செலவில் திருப்பி அனுப்பினால் ‘புதுக் கொக்கி போட்டுத் தருகிறேன்’ என்றார். வீடியோவை எடுங்கள் என்றேன். பிளாக் செய்துவிட்டார். அவர் பக்கத்தில் நான் போட்ட மூன்று வரி விமர்சனம் ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை.

ஏமாந்தது அதோடு முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண் பொய் என்று தெரிந்த வெறியில், மறுநாளே நண்பரின் அசல் 20 கிலோவோடு மல்லுக்கு நின்றேன். நான்கு கிலோ சாதாரணத் தாவல் அல்ல. தசை பழகும் வேகத்தில் தசைநார் பழகாது. கட்டைவிரலின் அடிமூட்டில் ஒரு வலி வந்து மூன்று வாரம் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் ஆகிவிட்டது. அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன், அது என் புத்தி.

இப்போது பயன்படுத்துவது நானே செய்த கட்டை. இதை முதலிலேயே செய்திருந்தால் வாங்கவே வேண்டியிருந்திருக்காது. 38 மில்லிமீட்டர் தடிமன் மரத்துண்டு இரண்டைப் பசை போட்டு, கிளாம்ப் வைத்து ஒரு ராத்திரி விட்டால் 76 மில்லிமீட்டர் கட்டை தயார். விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டிவிட்டேன், இல்லையென்றால் தோலைக் கிழிக்கும். வார்னிஷ் பூசவில்லை. முக்கியமான வேலை கொக்கி. மேலிருந்து கீழ்வரை முழுத் துளை போட்டு, 10 மில்லிமீட்டர் ஐ போல்ட்டை (தலையில் வளையம் உள்ள போல்ட்) கீழிருந்து செருகி, மேலே அகலமான வாஷரும் கழலாத நைலான் நட்டும் போட்டேன். இப்போது எடை தொங்கும்போது வாஷர் மரத்தை அமுக்குகிறது, திருகின் பல் மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவையே இல்லை. நல்ல மரமாகவே இருந்தாலும் நார் ஓடும் திசையில் வெட்டுமுகத்தில் திருகிய ஸ்க்ரூவை நம்பாதீர்கள், பக்கவாட்டில் திருகியது பிடிக்கிற மாதிரி அது பிடிக்காது. ஐ போல்ட் வளையம் இடைவெளி இல்லாமல், காய்ச்சி அடித்துச் செய்ததாக இருக்கட்டும். தூக்கும்முன் நான் பயன்படுத்தும் எடையைப் போல் இரண்டு மடங்கைக் கட்டி, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு நாள் தொங்கவிட்டேன், காலைத் தூரமாக வைத்துக்கொண்டு.

இந்த மாதிரிக் கட்டை உங்களிடம் இருந்தால் கொக்கியைக் கையால் இடப்பக்கம் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் அதில் இனி எடை மாட்டாதீர்கள். சுற்றாவிட்டாலும் கட்டையின் உச்சியில் நட்டோ, நட்டை மூடிய மூடியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே திருகுதான். அரை டம்பெல் இருந்தால் முதலில் தராசு, அப்புறம் அடிப்பக்கத்தில் ஒரு ஆணி.

சிமெண்ட் துண்டை நான் தூக்கிப் போடவில்லை. 20-ஐச் சுரண்டிவிட்டு 16.3 என்று எழுதி, சொரசொரப்பையும் தேய்த்து எடுத்துவிட்டேன். தேய்த்த பிறகு அதுவே தரையை விட்டு எழும்ப ஆறு வாரம் ஆனது. போன வாரம் நண்பர் வீட்டில் அந்த அசல் 20 கிலோ ஒரு விரல் உயரம் எழும்பி நழுவியது. வீடியோ எடுக்கவா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன்.